விளக்கெண்ணெய் குடித்த வண்டி

நான் பிறந்த வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அந்த வீட்டுச் சாமான் எதுவானாலும், ஒரு குத்துவிளக்கானாலும், நிலையைத் தாண்டி வெளியே போக வேண்டுமென்றால் பங்காளிகள் அத்தனை பேரும் சரி என்று சொல்ல வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்மக்களுக்கு அந்தப் பேச்சில் இடம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்கு வேட்டியும் புடவையும் வைத்துப் படைக்கிற நாள் ஒன்று உண்டு. படைப்பு என்போம். அன்றைக்கு நாங்கள் வரலாம், கும்பிடலாம், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். வாயை மட்டும் திறக்கக் கூடாது. நான் திறந்துவிட்டேன், அதுவும் படைப்பு கூட இல்லாத ஒரு தை மாதத்து நாளில்.

வீட்டை ஓட்டல் நடத்துகிற ஒருவருக்கு விடுவதைப் பற்றிப் பேசுவதற்காக அன்று எல்லோரும் கூடியிருந்தார்கள். காரைக்குடியில் இருந்து நானும் போயிருந்தேன். காபி கொடுக்கிற சாக்கில் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டல்காரர் பின்கொட்டகையில் நிற்கும் காரையும் சேர்த்துக் கேட்கிறார் என்றார் அண்ணன். எஞ்சினைப் பிடுங்கிவிட்டு, பளபளவென்று பெயிண்ட் அடித்து, உள்முற்றமான வளவு நடுவில் நிறுத்தப்போகிறார்களாம். வருகிற விருந்தாளிகள் உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்களாம்.

அது அப்பச்சி, என் தகப்பனார், வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார். சீமையில் செய்தது. இரண்டே பேர் உட்காரலாம், மேல்மூடியை மடித்துப் பின்னால் தள்ளலாம். ஒரு காலத்தில் நல்ல சிவப்பு. அப்பச்சி போனபிறகு அதை யாரும் கிளப்பவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக நின்ற இடத்திலேயே நின்று, டயர் நாலும் தரையோடு அப்பி, எலிகள் சீட்டுக்குள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

"அதை ஓட்டலுக்குக் கொடுக்கக் கூடாது" என்றேன்.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். சென்னையில் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். ஒரு வார்த்தைக்கு மேல் பேசினால் வாய் வலிக்கும் என்பது போல இருப்பார். தலையை மட்டும் திருப்பினார். "கொடுக்காம? அங்குட்டுக் கெடந்து மக்கிப் போகவா?"

"எனக்குக் கொடுங்க. நான் ஓட வச்சு எடுத்துக்கிறேன்."

சித்தப்பா மகன் சிரித்தார். "நீ எந்த வகையில கேக்குற?"

கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். "பாத்துக்கிட்ட வகையில கேக்குறேன். அப்பச்சி போனதுக்கப்புறம் மொத இருபது வருசம், பொங்கலுக்கு வீடு தூசி தட்டையில எல்லாம் அந்தக் கொட்டகையத் தொறந்தது நான். எஞ்சினுக்குள்ள எண்ணெய் விட்டுக் காப்பாத்துனது நான். உங்கள்ல ஒருத்தராச்சும் எட்டிப் பாத்தீகளா?"

அண்ணன் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "வைகாசில படைப்பு வருது. அன்னைக்குப் பந்தி போடுறதுக்கு முன்னால வண்டி பின்கொட்டகையில கிளம்பி, தெருவச் சுத்தி, முன்வாசல்ல வந்து நிக்கணும். தன் எஞ்சின்ல. வந்தா உனக்கு, வரலைன்னா ஓட்டலுக்கு. அதுவரைக்கும் கொட்டகைய விட்டு நகரக் கூடாது. பொதுச் சாமான்."

அந்த வண்டி எனக்கு எதற்கு என்று வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார். ஊரில் கேட்காதவர்கள் இல்லை. பழைய ஞாபகம், பாசம் என்று மழுப்ப எனக்கு இஷ்டமில்லை. அப்பச்சி அதில் என்னை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றியதும் இல்லை. பெண்பிள்ளை வெயிலில் கறுத்துவிடுவாள் என்பார். ஆனால் என் கல்யாணத்துக்கு வந்த வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் எல்லாம் இவளுக்கு இது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்து, என் முதலெழுத்தை வெட்டிக் கொடுத்தவை. நானாக ஆசைப்பட்டு, நானாகப் பார்த்துக்கொண்ட சாமான் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதைப் பிடுங்கி, உள்ளே ஒன்றும் இல்லாமல் ஆக்கி, வளவில் நிறுத்துவார்கள் என்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

அமராவதிபுதூரில் ஒரு மெக்கானிக் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். விவசாயக் குடும்பம், தகப்பனார் உழுத டிராக்டரைப் பிரித்துப் பிரித்துத் தொழில் படித்தவர். தன் சாமான் பெட்டியில் ஒரு ஸ்பேனரை யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். வண்டி நகரக் கூடாது என்பதால் அவர்தான் தினமும் கானாடுகாத்தானுக்கு வந்தார். ரிட்டயர் ஆன வாத்தியார் நான், வேறு வேலை என்ன? நானும் போய்விடுவேன். பழைய பாவாடைத் துணியால் பாகங்களைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை.

முதல் நாள் எஞ்சின் முன்பக்கத்து நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டு, காலை ஊன்றிக்கொண்டு இழுத்துப் பார்த்தார். ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

"இறுகிப்போச்சு ஆச்சி. நாலு பிஸ்டனும் சிலிண்டர்ல கடிச்சுக்கிட்டு நிக்கிது. துருவாத்தான் இருக்கும். ஊறப் போட்டா விட்டுரும்."

டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். ஊறட்டும் என்று விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்த்தோம். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவினார். எலி தின்ற ஒயர் எல்லாவற்றையும் உருவி எறிந்தார். பிரேக்கையும் டயர் நாலையும் புதுசாக்கினார். காரைக்குடியில் இருந்து டிங்கர் வேலைக்காரர் வந்து, துருப்பிடித்து ஓட்டையான அடித்தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்தார். மாசி போய்ப் பங்குனியும் பாதி ஆயிற்று. பத்து நாளைக்கு ஒரு தடவை ஸ்பேனரைப் போட்டு இழுப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். அசையாது. பெட்டியை மூடிவிட்டுப் போய்விடுவார்.

பங்குனி கடைசியில் எஞ்சினை உத்தரத்தில் சங்கிலி கட்டித் தூக்கிப் பலகை மேல் வைத்து, சிலிண்டர்களின் மேல் இருந்த மூடியைக் கழற்றினார். குனிந்து பார்த்தவர் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றிப் பழுப்பாக, கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக ஏதோ இறுகிப்போயிருந்தது.

"இது துரு இல்ல. துருன்னா செவப்பாப் பொடி உதிரும். எந்த மகராசன் பாத்த வேலையோ, எதையோ ஊத்தியிருக்கான். என்ன விட்டாகன்னு தெரியுமா ஆச்சி?"

பார்த்த கணமே எனக்குத் தெரிந்துபோயிற்று. பூஜை அறையில் துலக்காமல் விட்ட விளக்கில் பிடிக்குமே, புளி போட்டாலும் போகாத பிசுக்கு, அதேதான். விளக்கெண்ணெய். இருபது வருஷமும் நான் விட்டது.

எங்கள் வீடுகளில் இரும்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு விளக்கெண்ணெய்தான். பூட்டு, கதவுக் கீல், இரும்புப் பெட்டி, எல்லாவற்றுக்கும். பொங்கலுக்கு முன்னால் ஒரு செம்பு நிறைய எடுத்துக்கொண்டு கதவு கதவாகப் போவோம். அப்பச்சி மாதக்கணக்கில் வெளியூர் போகும்போது எஞ்சினில் பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் ஒரு தகர டின்னில் இருந்து கொஞ்சம் ஆயில் விட்டுவிட்டுப் போவார். பார்த்திருக்கிறேன். அவர் போனபிறகு டின் காலி. வீட்டில் விளக்கெண்ணெய் குடம் குடமாக இருந்தது. இரும்புக்குத்தானே விடுகிறோம் என்று நாலு ஓட்டையிலும் ஒரு கரண்டி விட்டேன். அடுத்த வருஷமும் விட்டேன். பெருமையாக விட்டேன்.

"தெரியலையே தம்பி" என்றேன். "பழைய ஆளுக யாராச்சும் விட்டிருப்பாக."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அண்ணன் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, எண்ணெய் விட்டுக் காப்பாற்றியது நான் என்று பேசியவள் நான். அந்த எண்ணெய்தான் வண்டியைக் கட்டிப்போட்டது என்று தெரிந்தால் எந்த வகையில் கேட்பேன்? மெக்கானிக் எப்படியும் கழற்றிவிடுவார், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் கழற்றவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார், பிரேக் ஆயில் ஊற்றினார். அந்தப் பிசுக்கு எதற்கும் மசியவில்லை. அவருக்கு எது என்று தெரியாது, எனக்கு எதை ஊற்றினால் கரையும் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே வழி பிறந்திருக்கும். நான் வாயைத் திறக்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இப்படியே பதினெட்டு நாள் போயிற்று. சித்திரை வெயில் கொட்டகைத் தகரத்தை வாட்டியது. ராத்திரி படுத்தால் பங்காளிகள் சிரிப்பது காதில் கேட்டது.

படைப்புக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது அவர் ஒரு வேலங்கட்டையையும் சுத்தியலையும் எடுத்து வைத்தார்.

"இனிமே ஊற வைக்க நேரமில்ல ஆச்சி. கீழ கட்டை கொடுத்துத் தட்டித்தான் மேல எடுக்கணும். பிஸ்டன் பழைய அலுமினியம். தாங்குனா நம்ம நேரம். ஒடைஞ்சா வெளிநாட்டுல இருந்து வரணும், படைப்புக்குள்ள வராது."

"வேற வழி இல்லையா?"

"உள்ள கெடக்கிறது என்னன்னு தெரிஞ்சா வழி பாக்கலாம். தெரியலையே."

அவர் என்னைப் பார்த்தா சொன்னார், எஞ்சினைப் பார்த்தா சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், சொல்லவில்லை. எஞ்சினைக் கவிழ்த்து, முதல் பிஸ்டனுக்கு அடியில் கட்டையைக் கொடுத்தார். ஒரு தட்டு. அசையவில்லை. இன்னொரு தட்டு, கொஞ்சம் பலமாக. மூன்றாவது தட்டில் சத்தம் மாறியது. நொறுங்குகிற சத்தம்.

"நிறுத்துங்க தம்பி" என்று கத்திவிட்டேன். "அது விளக்கெண்ணெய். நான்தான் விட்டேன். இருபது வருசமா விட்டேன்."

சுத்தியல் கையிலேயே நின்றது. டார்ச்சை அடித்துப் பார்த்தார். பிஸ்டனின் அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்து, ஒரு துண்டு தனியாக விழுந்து கிடந்தது. சுத்தியலைச் சாக்கின் மேல் வைத்தார். கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எப்பக் கேட்டேன் ஆச்சி?"

மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மறுபடி மடித்தேன்.

"பதினெட்டு நாளாச்சு. தெனம் என் முகத்தைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீக?"

பெட்டியை மூடி, தன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். உடைந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நான் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு அதுவரை வந்ததில்லை. வீட்டுக்குப் போய்ப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விஷயத்தைக் கேட்ட என் கணவர், "அவர் போனதுல தப்பில்லை. நானா இருந்தா சுத்தியலையும் கையோட எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார். சுத்தியல் அங்கேயே கிடக்கிறது என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல். தன் சாமானை விட்டுவிட்டு இருக்கமாட்டார்.

மறுநாள் காலையில் அமராவதிபுதூருக்குப் போனேன். ஒரு லோடு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். என் கால் தெரிந்திருக்கும், வெளியே வரவில்லை. நானும் போகவில்லை. முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் அடியில் இருந்தே குரல் வந்தது.

"வேற எதுலயும் எதையும் ஊத்தியிருக்கீகளா? இப்பவே சொல்லிருங்க. பெட்ரோல் டேங்குல நெய், பிரேக்குல நல்லெண்ணெய், ஏதாச்சும்?"

"இல்ல தம்பி. கதவுக் கீலுக்கும் பூட்டுக்கும் மட்டும் விட்டேன்."

"அது பரவால்ல." வெளியே வந்தார். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. "விளக்கெண்ணெய்ன்னா டீசலுக்கெல்லாம் அசையாது. தின்னர் வேணும், ஸ்பிரிட் வேணும், சூடு காட்டணும். மொத நாளே சொல்லியிருந்தா ஒரு வாரத்து வேலை."

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தேன். ஒரு பிஸ்டன் உடைந்துவிட்டது, ஒரு வாரம் தள்ளிக் கொடுங்கள் என்றேன்.

"யாரு ஒடைச்சா?"

"மெக்கானிக் தட்டையில ஒடைஞ்சுபோச்சு."

அதோடு நிறுத்திக்கொண்டேன். சொன்னதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. "உன் வண்டிக்காகப் படைப்பத் தள்ளி வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

தின்னர் வாசனையில் கொட்டகைக்குள் தலை சுற்றியது. ஊற்றுவார், மூடி வைப்பார், சூடு காட்டுவார், திரும்ப ஊற்றுவார். மூன்றாம் நாள் சுத்தியலைத் தொடாமலேயே இரண்டாவது பிஸ்டன் கட்டையால் ஒரு அழுத்துக்கு மேலே வந்தது. மூன்றாவதும் நாலாவதும் வந்தன. சிலிண்டர் உள்ளே கீறலே இல்லாமல் பளிச்சென்று இருந்தது. உடைந்த பிஸ்டனுக்குப் பதிலாக வேறொரு வண்டியின் பிஸ்டனைக் காரைக்குடி லேத்துப் பட்டறையில் கொடுத்து அளவுக்குக் கடைந்து வாங்கினோம். அது மற்ற மூன்றையும்விடக் கனம். அதனால் எஞ்சின் ஆடும், ஆனால் ஓடும் என்றார் மெக்கானிக். அதுவும் அவர் சொன்னதுதான், ஓட்டிக் காட்டியது இல்லை.

படைப்புக்கு இரண்டு நாள் முன்பு முதல் தடவையாகக் கிளம்பியது. கொட்டகை முழுக்கப் புகை. நான் இருமிக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். மெக்கானிக் சிரிக்கவில்லை. "ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துறாதீக. எடுத்தா நின்னுரும். திரும்பக் கிளம்புறது அதோட இஷ்டம்" என்றார்.

படைப்பன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பெயிண்ட் அடிக்க நேரம் இல்லாததால் வண்டி சாம்பல் நிற பிரைமரோடுதான் நின்றது. நான் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மெக்கானிக் சலவைச் சட்டை போட்டு, தோளில் துண்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே படைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் சங்கு ஊதுவார்கள், அடுத்தது பந்தி. நடந்துபோனால் பத்து நிமிஷத் தூரம். வண்டி உதறிக்கொண்டே கொட்டகையை விட்டு வெளியே வந்தது. பின்தெருவை முழுக்கக் கடந்தோம். ஊருணிக் கரை வளைவில் திரும்பும்போது இரண்டு தடவை விக்கியது. நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன்.

"போதும், பேட்டரி இறங்கிரும்" என்றார் மெக்கானிக். தெருவை முன்னும் பின்னும் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. ஊரே உள்ளே இருந்தது. "ஆச்சி, இங்க இருந்து முன்வாசல் வரைக்கும் சரிவுதான். நான் தள்ளுறேன். நீங்க ஸ்டியரிங்கப் பிடிங்க. வாசல் கிட்ட போகையில கியரப் போட்டா கிளம்புனாலும் கிளம்பும்."

"வேணாம் தம்பி. தன் எஞ்சின்லன்னுதான் பேச்சு."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்களுக்குத் தெரியும்" என்றேன். "உங்ககிட்ட மறைச்சது ஒண்ணே போதும்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இறங்கி முன்மூடியைத் திறந்தார். கையை வைத்துப் பார்த்து, "பெட்ரோல் பம்ப் கொதிக்கிது. பெட்ரோல் ஏறாமக் காத்தாப் போகுது. ஆறணும்" என்று சொல்லிவிட்டு ஊருணிக்கு ஓடினார். துண்டை நனைத்துக்கொண்டு வந்து பம்பின் மேல் சுற்றினார். ஆவி வந்தது. திரும்ப ஓடினார், திரும்ப நனைத்தார். மூன்று தடவை. நான் உட்கார்ந்த இடத்தில் வேர்த்து ஊற்றியது. வீட்டுப் பக்கம் இருந்து சங்குச் சத்தம் கேட்டது.

"இப்பத் திருப்புங்க. ஒரு தடவைக்குத்தான் தாங்கும்."

திருப்பினேன். முனகியது. முனகிக்கொண்டே இருந்து, செத்துப்போகிற மாதிரி இழுத்து, பிடித்துக்கொண்டது. அவர் மூடியைச் சாத்திவிட்டு ஓடுகிற வண்டியில் தாவி ஏறினார்.

முன்வாசலில் கூட்டம் நின்றது. இலை போடப் போனவர்கள்கூடச் சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டார்கள். படியில் அண்ணன் வேட்டியும் திருநீறுமாக நின்றார். நான் அவர் காலடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி முழுக்க ஆடியது, அதோடு நானும் ஆடினேன்.

சித்தப்பா மகன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மனசு கெட்டவர் இல்லை, தோற்றதை ஒப்புக்கொள்கிற ஆள்தான். "இவ அன்னைக்குச் சொன்னது நெசந்தேன் அண்ணே. எண்ணெய் விட்டு விட்டு வச்சதுனாலதான் இத்தனை வருசம் கழிச்சும் ஓடுது" என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார். "நீங்கதான் சுத்தியலப் போட்டு ஒண்ண ஒடைச்சிட்டீகளாமே. பழைய சாமான்ல பாத்துக் கை வைக்க வேணாமா?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். ஈரத் துண்டை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

நான் பேசாமல் இருந்தால் போதும். வண்டி என்னுடையது, புகழும் என்னுடையது. அவரும் வாய் திறக்கமாட்டார் என்று தெரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் ஒடைக்கல" என்றேன். எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று இன்னும் பலமாகச் சொன்னேன். "அவர் ஒடைக்கல. நான் விட்டது விளக்கெண்ணெய். பூட்டுக்கு விடுற மாதிரி எஞ்சினுக்குள்ள விட்டுட்டேன். அது இறுகி, நாலு பிஸ்டனையும் பிடிச்சுக்கிச்சு. வண்டியக் கெடுத்ததே நான்தான். அவர் கேட்டப்ப எனக்குத் தெரியாதுன்னு பொய் சொன்னேன். அதனாலதான் அவர் சுத்தியல எடுத்தாரு. அண்ணே, உங்ககிட்டயும் போன்ல முழுசாச் சொல்லல. காப்பாத்துனேன்னு சொல்லித்தான் வண்டியக் கேட்டேன். இப்ப நீங்க கொடுக்கலைன்னாலும் சரிதான்."

யாரோ ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். சித்தப்பா மகன் அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் படியிறங்கி வந்தார். வண்டியின் கதவில் கையை வைத்தார், ஆட்டம் கையில் ஏறியதோ என்னவோ, எடுத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. நின்றவர்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"விளக்கெண்ணெய் விட்டது தப்புத்தான். அந்தத் தப்பைப் பண்ணவாச்சும் இவ ஒருத்தி வருசா வருசம் வந்திருக்கா. நம்ம எவனும் தப்புப் பண்ணக்கூட அந்தக் கதவைத் தொறக்கல. வண்டி இவளுக்குத்தான்."

பிறகு மெக்கானிக்கிடம் போய், "இறங்கி வாங்க, மொதப் பந்தியில உக்காருவோம்" என்று அவர் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். கூட்டமும் பின்னாலேயே போனது. என்னையும் சாப்பிட வரச் சொன்னார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். காலை எடுத்தால் நின்றுவிடும் என்று ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை மட்டும் எடுக்கவில்லை.